காணிக்கை எண்ணுவதெல்லாம் ஒரு வரமா?

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 47. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். எங்கள் சபைக் கணக்கை ரொம்ப வருடமாக நான்தான் எழுதுகிறேன். பொருளாளர் என்ற பெயர் வேறொருவருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு காணிக்கையை எண்ணி, நோட்டில் ஏற்றி, பையைக் கட்டிவிட்டு நான் வீட்டுக்குப் போக மத்தியானம் ஆகிவிடும். அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, மளிகை பில் பார்ப்பதும், ஆடிட்டுக்கு வவுச்சர் அடுக்குவதும் நான்தான். வீடுதோறும் சபைக்கு மாதாமாதம் கொடுக்கிற சங்கக் காணிக்கை நோட்டில் மூன்று மாதம் ஒரு வீட்டுப் பெயருக்கு நேரே காலியாக இருந்தால் என்னவென்று போய்ப் பார்ப்பேன். அப்படிப் போனபோதுதான் ஒரு அண்ணன் டயாலிசிஸுக்குப் போய்க்கொண்டிருப்பது தெரிந்து குருவானவரிடம் சொன்னேன். இதெல்லாம் வேலைதானே, ஊழியம் என்று யார் சொல்கிறார்கள்? என் ஓரகத்தி அந்நிய பாஷையில் ஜெபிப்பாள், தீர்க்கதரிசனம் சொல்வாள். அவள் வீட்டு வாசலில் எப்போதும் நாலு ஜோடிச் செருப்பு கிடக்கும். போன மாதம் ஒரு கூட்டத்தில், ஆவியின் வரம் பெற்றவர்கள் முன்னால் வாருங்கள் என்றார் பிரசங்கியார். நான் உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம் ஒரு பயிற்சி முகாமில், நம் வரத்தைக் கண்டுபிடிக்க என்று ஒரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். எனக்கு ‘நிர்வாகம்’ என்று வந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன். என் கணவர், ‘நீ சம்பளமில்லாத கணக்கப்பிள்ளை, அவ்வளவுதான்’ என்று சிரிக்கிறார். ஆண்டவர் எனக்கு ஒன்றுமே கொடுக்கவில்லையா? கணக்கை விட்டுவிட்டு ஜெப ஊழியத்துக்குப் போகட்டுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஜெப ஊழியத்துக்குப் போக ஆசையிருந்தால் தாராளமாகப் போகலாம். ஆனால் ‘கணக்கு ஒரு வரமே இல்லை’ என்று முடிவுகட்டி, அந்தக் காரணத்துக்காகப் போகாதீர்கள். நீங்கள் விடப்போவது என்னவென்று உங்களுக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது ஓரகத்தி வீட்டுச் செருப்புகளைப் பற்றிய வரியை அல்ல. அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றிய வரியை. இரண்டு குறைகளுக்கு நடுவே, போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். கொஞ்சம் நின்று யோசியுங்கள். சபையில் குருவானவர் இருக்கிறார், சபை ஊழியர் இருக்கிறார், கமிட்டி இருக்கிறது, பெண்கள் ஐக்கிய சங்கம் இருக்கிறது, ஜெபக்குழு இருக்கிறது. ஒரு மனுஷன் வாரத்துக்கு இரண்டோ மூன்றோ நாள் ஆஸ்பத்திரியில் நாலு மணி நேரம் மெஷினோடு படுத்துக் கிடப்பது இவர்கள் யாருக்கும் தெரியவில்லை. சங்கக் காணிக்கை நோட்டை வைத்திருந்தவருக்குத் தெரிந்தது. அதே நோட்டு இன்னொருவர் கையில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கே தெரியும். ‘பாக்கி’ என்று சிவப்பு மையில் எழுதியிருப்பார். அந்த வீட்டில் ஒரு கல்யாண ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, சபையில் வாசிக்க வேண்டி வரும்போது நிலுவையைக் கட்டிவிட்டு வாருங்கள் என்றிருப்பார். அப்படிச் செய்கிற சபைகளையும் நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள்.

கேள்வித்தாள் அதற்கு ‘நிர்வாகம்’ என்று பெயர் வைத்தது. போகட்டும், கேள்வித்தாளைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் அதைப் பார்த்து அழுத முதல் ஆள் நீங்கள் இல்லை. இந்த மாதிரித் தாள்கள் 1970களில் அமெரிக்கச் சபைகளில் பரவி, பிறகு மொழிபெயர்ப்பாகி நம் முகாம்களுக்கும் வந்து சேர்ந்தவை. ‘எனக்குப் புதியவர்களை வீட்டுக்கு அழைக்கப் பிடிக்கும்’ என்பது போல வாக்கியங்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டு, கட்டம் கட்டமாகக் கூட்டி, எதில் கூடுதலோ அதுவே உங்கள் வரம் என்பார்கள். அது உண்மையில் காட்டுவது, உங்களுக்கு எது பிடிக்கும், இதுவரை எதைச் செய்து பழகியிருக்கிறீர்கள் என்பதைத்தான். அதற்கு மேல் அதனால் முடியாது. உங்களைக் கணக்கு மேஜையில் உட்கார வைத்துவிட்டுக் கேள்வி கேட்டால் ‘நிர்வாகம்’ என்றுதான் வரும். பேச ஆரம்பிக்க அது ஒரு சாக்கு, அவ்வளவே. உங்களை நேரில் அறிந்தவர்கள், அதாவது அந்த டயாலிசிஸ் அண்ணன் மனைவி மாதிரி ஒருவர், அந்தத் தாளில் ஒரு மதிப்பெண்கூடப் போடவில்லை.

வேதாகமத்தில் பவுலும் பேதுருவும் வரங்களைப் பற்றி எழுதிய இடங்களை ஒருநாள் சாயங்காலம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். ரோமர் 12-ல் ஏழு இருக்கிறது. அதில் அந்நிய பாஷையே கிடையாது. பகிர்ந்துகொடுப்பதும் இரக்கம் பாராட்டுவதும் இருக்கின்றன. 1 கொரிந்தியர் 12-ன் தொடக்கத்தில் ஒன்பது. அதே அதிகாரத்தின் முடிவில் 28-ம் வசனத்தில் வேறு ஒரு வரிசை; அதில் குணமாக்கும் வரங்களுக்குப் பக்கத்திலேயே உதவி செய்வதும் ஆளுகை செய்வதும் வருகின்றன. எபேசியர் 4-ல் இன்னொன்று. பேதுருவோ பட்டியலே போடாமல் பேசுகிறவன், உதவி செய்கிறவன் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார். ஒரு பட்டியலும் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. இவ்வளவுதான் வரங்கள், இதற்கு வெளியே ஒன்றுமில்லை என்று கோடு கிழிக்கும் எண்ணம் அவர்களுக்கு இருந்திருந்தால் இப்படியா எழுதியிருப்பார்கள்?

கொரிந்து சபையின் கதையே உங்கள் கதைதான் என்று சொன்னால் நம்புவீர்களா? 1 கொரிந்தியர் என்பது அந்தச் சபைக்குப் பவுல் கி.பி. 55-ஐ ஒட்டி எழுதிய கடிதம். அங்கே பாஷைகளில் பேசுகிறவர்களுக்கு ஏக மரியாதை. மற்றவர்கள் சுருங்கிப் போயிருந்தார்கள். பவுல் அதற்குச் சரீரத்தை உதாரணமாகச் சொல்கிறார். அந்தப் பகுதியை வைத்து நம் ஊரில் நூறு பிரசங்கம் கேட்டிருப்போம். பெரும்பாலும் 21-ம் வசனத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள்: கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பெரியவர்களே, சின்னவர்களை மட்டம் தட்டாதீர்கள் என்று முடித்துவிடுவார்கள்.

பவுல் அங்கே ஆரம்பிக்கவில்லை. அதற்கு ஆறு வசனம் முன்னால், 15-ல், முதலில் வாயைத் திறக்கிறது கால். ‘நான் கையாயிராதபடியினாலே, நான் சரீரத்தின் அவயவமல்ல’ என்கிறது. யாரும் அதைப் போ என்று சொல்லவில்லை, தானாகச் சொல்கிறது. அடுத்த வசனத்தில் காது அதையே சொல்கிறது, நான் கண் இல்லையே என்று. பிறரை மட்டம் தட்டுகிறவர்களைக் கண்டிப்பதற்கு முன், தன்னைத்தானே மட்டம் தட்டிக்கொள்கிறவர்களோடு பவுலுக்குப் பேச வேண்டியிருந்தது. நம் சபைகளில் இதைத் தாழ்மை என்று மெச்சிக்கொள்கிறோம். ‘நான் ஒண்ணுமில்ல ஐயா, சும்மா கணக்கு எழுதுறேன்’ என்பவரைப் பார்த்து, எவ்வளவு தாழ்மையான பிள்ளை என்கிறோம். கால் சொல்வது தாழ்மை என்று பவுல் ஒப்புக்கொள்ளவில்லை. தப்பான கணக்கு என்கிறார். தேவன் தமது சித்தத்தின்படி அவயவங்களை வைத்தார் என்கிறார் 18-ம் வசனத்தில். அப்படியென்றால் கால், தன்னை வைத்தவரோடு அல்லவா வாதாடுகிறது?

சரி, கணக்குக்கு வருவோம். கணக்கு எழுதுகிறவர்களைக் கிண்டல் செய்ய சபையில் ஒரு பழைய பகிடி உண்டு, உங்களிடமும் யாராவது சொல்லியிருப்பார்கள்: இயேசுவின் சீஷர் பன்னிரண்டு பேரில் பணப்பை யாரிடம் இருந்தது? யூதாஸிடம்! எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் பவுல் எருசலேம் ஏழைகளுக்காகப் பணம் சேர்த்தபோது என்ன செய்தார் என்று 2 கொரிந்தியர் 8-ல் பாருங்கள். தான் மட்டும் தனியாக வாங்கிக்கொண்டு போகவில்லை. தீத்துவை அனுப்புகிறார், கூட வேறு சகோதரர்களையும் அனுப்புகிறார். அதில் ஒருவர் சபைகளே தெரிந்துகொண்ட ஆள். கர்த்தருக்கு முன்பாக மட்டும் நேர்மையாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார். இரண்டு பேர் உட்கார்ந்து எண்ணி, இரண்டு பேரும் கையெழுத்துப் போடுவதற்கு இதைவிட நல்ல வேதவசனம் எனக்குத் தெரியாது. ரோமர் நிருபத்தின் கடைசியில் ஒருவர் தலையை நீட்டி வணக்கம் சொல்கிறார்: ‘இந்த நிருபத்தை எழுதின தெர்தியு’. பவுல் சொல்லச் சொல்ல எழுதிய ஆள். அவருக்கு அடுத்த வசனத்திலேயே பட்டணத்துக் கருவூலத்தைப் பார்த்துக்கொண்ட ஏரஸ்து வாழ்த்துச் சொல்கிறார். எழுத்தரும் கணக்கரும் இல்லாமல் அந்த நிருபம் முடியவில்லை, பாருங்கள்.

அப்போஸ்தலர் 6-ம் அதிகாரமும் உங்களுடையதுதான். கிரேக்கு பேசின விதவைகளுக்கு அன்றாடப் பங்கீட்டில் குறைவு வந்தது, முறுமுறுப்பு எழும்பியது. (அசனத்தில் கறி யாருக்குக் குறைந்தது என்ற சண்டை இன்று நேற்று வந்ததில்லை.) பந்திவிசாரணைக்கு, அதாவது சாப்பாட்டுப் பங்கீட்டைக் கவனிக்க, ஏழு பேரைத் தேடும்போது அப்போஸ்தலர்கள் கேட்ட தகுதி என்ன? நல்ல கை சுத்தம், கணக்கு ஞானம் மட்டுமா? பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்தவர்கள், நற்சாட்சி பெற்றவர்கள். ஸ்தேவானும் பிலிப்பும் பின்னால் பிரசங்கம் பண்ணினார்கள் என்பதால், பந்திவேலை ஒரு கீழ்ப்படி, அதை ஏறித்தான் மேடைக்குப் போக வேண்டும் என்று சொல்கிற பிரசங்கிகள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்ற ஐந்து பேர் என்ன ஆனார்கள்? பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. இவர்கள் ஒரு பிரசங்கமாவது செய்ததாக அப்போஸ்தலர் நடபடிகளை எழுதிய லூக்கா எழுதவில்லை. பங்கீடு ஒழுங்கானதும் அடுத்த வசனத்திலேயே தேவவசனம் விருத்தியடைந்தது, சீஷர் தொகை பெருகிற்று என்று எழுதுகிறார். அது போதும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

நம் ஊரிலேயே ஒரு சான்று இருக்கிறது. பாளையங்கோட்டைக்குப் போகும்போது சாராள் டக்கர் கல்லூரி வாசலைக் கடந்திருப்பீர்கள். அந்தச் சாராள் டக்கர் ஒருநாளும் இந்தியாவுக்கு வந்ததில்லை. இங்கிலாந்தில் இருந்த, உடல் ஊனமுற்ற ஒரு பெண். சகோதரர் ஜான் டக்கர் சென்னையில் மிஷனரி. இங்கிருந்து போன செய்திகளை வைத்து தென்னிந்திய மிஷன் ஊழியத்தைப் பற்றி எழுதினார். தோழிகளோடு சேர்ந்து இங்குள்ள பெண் பிள்ளைகளின் படிப்புக்குப் பணம் சேர்த்தார். அவர் இறந்த பிறகு அவர் பெயரில் நிலைத்த பள்ளி வேலை, 1895-ல் கல்லூரியாக வளர்ந்தது. திருநெல்வேலிச் சீமையில் மேடையேறி முழங்கிய எத்தனையோ பேருடைய பெயர் இன்று யாருக்கும் தெரியாது. பேனாவும் வசூல் நோட்டும் வைத்திருந்தவர் பெயரைச் சொல்லி பஸ் நிறுத்துகிறார்கள்.

இனி கொஞ்சம் கடினமாகப் பேசப் போகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அழுததற்கு வரம் மட்டும் காரணமா என்று எனக்குச் சந்தேகம். ‘பொருளாளர் என்ற பெயர் வேறொருவருக்கு’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிறு மத்தியானம் வரை பசியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆடிட் அறிக்கையை வாசிக்கும்போது யார் பெயருக்கு நன்றி சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். என்னிடம் ஆலோசனைக்கு வருகிற ஊழியக்காரர்களில் பலர் ‘எனக்கு அழைப்பில்லையோ’ என்று ஆரம்பிப்பார்கள். பேசப் பேசத் தெரியும், வாரக்கணக்கில் தூக்கமில்லை, ஒருவரும் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள்: அறிக்கை வாசித்த அன்றைக்குக் குருவானவர் உங்களை எழுந்து நிற்கச் சொல்லியிருந்தால், இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா? எழுதியிருக்க மாட்டேன் என்று மனம் சொன்னால், உங்களுக்கு வேண்டியது ஓய்வும் ஒரு நல்ல வார்த்தையும். இரண்டையும் வாய்விட்டுக் கேட்பதில் வெட்கமில்லை.

ஓரகத்தி விஷயமும் அப்படித்தான். அவர் வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு என்று எண்ணியிருக்கிறீர்கள் பாருங்கள்! கணக்கப்பிள்ளைக் கண் எங்கேயும் சும்மா இருக்காது. அவருடைய வரம் மெய்யா என்று நான் தீர்ப்புச் சொல்ல முடியாது, நீங்களும் அதில் இறங்க வேண்டாம். அதைச் சோதித்துப் பார்ப்பது சபையின் பொறுப்பு. ஆனால் நாலு பேர் எப்போதும் வாசலில் நிற்கும் வீட்டில் அவருக்கு ஒரு மத்தியானத் தூக்கமாவது கிடைக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்களா? ஒருநாள் போய்க் கேளுங்கள். அவர் உங்களைப் பார்த்து என்ன நினைக்கிறார் என்பதும் தெரியவரலாம்.

‘முக்கியமான வரங்களை நாடுங்கள் என்று பவுலே சொல்லியிருக்கிறாரே’ என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கிறார். 1 கொரிந்தியர் 14-ம் அதிகாரம் வரைக்கும் படித்தால், எது முக்கியம் என்பதற்கு அவர் வைக்கும் அளவு தெரியும்: சபைக்குப் பக்திவிருத்தி, அதாவது விசுவாசத்தில் வளர்ச்சி, உண்டாகிறதா? பார்க்கிறவர்கள் வியக்கிறார்களா என்பது அந்த அளவில் வராது. ஜெபிக்கும் ஆசை உங்களுக்கு உண்மையாகவே இருந்தால், அதற்கான ஆள் பட்டியல் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. காலிக் கட்டங்கள் எல்லாமே ஜெபக் குறிப்புகள்தான். எண்ணி முடித்ததும் அந்தப் பெயர்களைச் சொல்லி ஐந்து நிமிடம் ஜெபியுங்கள். யாருக்கும் அறிவிக்க வேண்டாம். ஒரு வீட்டின் காணிக்கை விவரத்தை வெளியே பேசக்கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரத்தை மதிப்பது என்றால் நடைமுறையில் என்ன என்று கேட்டால், முதல் வேலை குருவானவரிடம் போய்ப் பேசுவது. ராஜினாமா கடிதத்தோடு போகாதீர்கள். அந்தக் காலிக் கட்டத்து வீட்டு விஷயத்தை எடுத்துச் சொல்லி, இதை ஒழுங்கான வேலையாகச் செய்யலாமா, மாதம் ஒருமுறை நானும் சபை ஊழியரும் உட்கார்ந்து நோட்டைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். அடுத்து, தனியாக எண்ணுவதை இந்த வாரத்தோடு நிறுத்துங்கள். உங்கள் நேர்மை மேல் சந்தேகமில்லை. ஆனால் தனியாக எண்ணுகிறவருக்கு ஒருநாள் ஒரு பழி வந்தால் பக்கத்தில் சாட்சி சொல்ல ஆள் இருக்காது. வாலிபர் சங்கத்தில் பி.காம் படிக்கிற ஒரு பிள்ளையாவது இருக்கும். அவர்களைப் பழக்குங்கள். ‘எனக்கு மட்டும்தான் எந்த வவுச்சர் எங்கே இருக்கிறது என்று தெரியும்’ என்ற பெருமை கணக்கு எழுதுகிறவர்களுக்கு வருகிற வியாதி. வரத்தை மதிக்காமல் இருப்பது எவ்வளவு தப்போ, அதைப் பூட்டிவைப்பதும் அவ்வளவு தப்பு. விட்டுவிடுவதென்றே முடிவெடுத்தாலும் நிதியாண்டு முடிந்து, ஆடிட் ஆகி, சாவியை ஒருவர் கையில் ஒப்படைத்த பிறகு விடுங்கள். இடையில் விட்டால் உங்கள் பெயரைத்தான் உருட்டுவார்கள்.

இனி யாராவது நன்றி சொன்னால், ‘ஐயோ, நான் என்ன செஞ்சேன்’ என்று மழுப்பாதீர்கள். ‘ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், சந்தோஷம்’ என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கணவர் கிண்டல் செய்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாதி கிண்டல், பாதி ஞாயிறு மத்தியானம் தனியாகச் சாப்பிட்ட கோபம் என்று எனக்குத் தோன்றுகிறது. எண்ணுவதற்கு அவரைக் கூப்பிடாதீர்கள். ஒரே வீட்டார் இருவர் காணிக்கை எண்ணுவது சரியில்லை. வருகிற அசனத்துக்கு உக்கிராண அறையில் அரிசி அளந்து போட ஒரு நம்பிக்கையான ஆள் தேவைப்படும். அவரை அங்கே நிறுத்துங்கள். மூட்டைக் கணக்கு உங்கள் நோட்டோடு ஒத்துப்போகும்வரை அவரை வீட்டுக்கு விடாதீர்கள்.